நிலம் காட்டும் வழி: தோட்டப் பாதை அமைப்பது குறித்துச் சில விளக்கங்கள்

ஆலயத்திற்கோ, முதியோர் இல்லத்திற்கோ, பாலர் பள்ளிக்கோ கொடை வழங்கும் அன்பர்கள் பெரும்பாலும் மண்டபம், கூரை, விளக்கு, நாற்காலி ஆகியவற்றையே நினைவில் கொள்கிறார்கள். வாயிலிலிருந்து அந்த மண்டபம் வரை செல்லும் பாதையைத் தனியே எண்ணிப் பார்ப்பவர்கள் மிகச் சிலரே. கட்டட வேலை எல்லாம் முடிந்தபின், மிஞ்சிய சிமெண்டையும் மணலையும் கொண்டு கடைசி வாரத்தில் அவசரமாகப் போடப்படுவதே பாதை என்று ஆகிவிட்டது.

ஆயினும் அவ்விடத்திற்கு வருகின்ற ஒவ்வொருவரும், தத்தி நடக்கும் குழந்தை முதல் கோலூன்றி வரும் பாட்டி வரை, முதலில் கால் வைப்பது அந்தப் பாதையில்தான். வயது முதிர்ந்த ஒருவர் பாசி படிந்த தரையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், அவர் மீண்டும் பழையபடி நடமாடுவது அரிது. தவறான இடத்தில் போட்ட ஒரு பாதை, அறுபது ஆண்டுகள் வளர்ந்த மரத்தைச் சில ஆண்டுகளில் பட்டுப்போகச் செய்துவிடும். ஆகவே பாதை அமைப்பது அலங்கார வேலை மட்டும் அன்று. அது பொறுப்பு மிக்க பணியாகும்.

நல்ல தோட்டப் பாதைக்கு அடிப்படையான விதி ஒன்றே. காகிதத்தில் கோடு போடும் முன் நிலத்தின் மேடு பள்ளம், நீர் ஓடும் திசை, மரங்களின் வேர், நடப்பவரின் கால் ஆகிய நான்கையும் பார்த்துவிட வேண்டும். இந்நான்கும் சேர்ந்து எந்த வழியைக் காட்டுகின்றனவோ, அதுவே அந்நிலத்திற்கு உரிய பாதை. இதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

பூமலை தரும் பாடம்

சிங்கப்பூர்த் தமிழர்கள் பூமலை என்று அழைக்கும் தாவரவியல் தோட்டம் 1859-ஆம் ஆண்டு தங்ளின் பகுதியில் தொடங்கப்பட்டது. அதன் முதல் வடிவத்தை அமைத்தவர் லாரன்ஸ் நிவன் என்பவர். சாதிக்காய்த் தோட்ட நிர்வாகத்தில் அனுபவம் பெற்றவர் அவர். அவருக்குக் கிடைத்த நிலம் சமதரை அன்று. சிறு குன்றுகளும் அவற்றிடையே தாழ்வான பகுதிகளும் கொண்டது. அக்காலத்து ஆங்கிலேயத் தோட்டக்கலை மரபைப் பின்பற்றி, அவர் குன்றுகளின் சரிவைச் சுற்றி வளைந்து செல்லும் பாதைகளை அமைத்தார். தாழ்வான இடத்தில் 1866-இல் ஏரி அமைந்தது. அதுவே இன்று அன்னப்பறவை ஏரி எனப்படுகிறது. ஒரு மேட்டின் உச்சியைச் சமப்படுத்தி மக்கள் கூடும் திடலாக்கினார்கள். இன்று அங்குள்ள எண்கோண வடிவ இசை மண்டபம் 1930-இல் எழுப்பப்பட்டது.

இத்தோட்டம் 2015-ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது. நிவன் வகுத்த பழைய பகுதியின் அமைப்பு இன்றும் பெருமளவு மாறாமல் இருப்பது அதன் சிறப்புகளில் ஒன்று. குதிரை வண்டிக் காலத்தில் போட்ட வளைவுகளில் இன்று ஓட்டப்பயிற்சி செய்வோரும், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து வருவோரும் செல்கிறார்கள். நிலத்தோடு ஒட்டிப் போட்ட பாதை பல தலைமுறைகளுக்குப் பயன்படும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

இதிலிருந்து வளைந்த பாதைதான் உயர்ந்தது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஆக்ராவில் உள்ள தாஜ்மகால் தோட்டத்தின் பாதைகள் நேர்கோட்டில் செல்கின்றன. அங்கே நிலம் சமதளம், நடுவே நீர்த்தொட்டி, எதிரே கண்ணை ஈர்க்கும் ஒரே கட்டடம். அவ்விடத்தில் பாதை வளைந்து சென்றால் பொருந்தாது. அதுபோலவே ஆலய வாயிலிலிருந்து கொடிமரத்தை நோக்கிச் செல்லும் வழி நேராக இருப்பதே முறை; கண் காணும் திசையிலேயே காலும் செல்ல வேண்டும். ஆனால் அதே ஆலயத்தின் பின்புறம் சரிவான நிலத்தில் நந்தவனம் இருந்தால், அங்கே வளைவே பொருத்தம். காரணம் இருக்கும் இடத்தில்தான் பாதை வளைய வேண்டும். ஒரு மரம், ஒரு பாறை, ஒரு மேடு, ஒரு பூஞ்செடிக் கூட்டம் ஆகிய ஏதேனும் ஒன்று அவ்வளைவுக்குக் காரணமாக நிற்க வேண்டும். வெறும் புல்தரையில் பாம்பு போல நெளிந்து செல்லும் பாதையை யாரும் பின்பற்றுவதில்லை. அவர்கள் புல்லின் குறுக்கே நடந்து விடுகிறார்கள்.

மேடும் பள்ளமும்

சரிவில் எப்படி நடப்பது என்பது நம் முன்னோர்களுக்குச் சொல்லித்தர வேண்டாத பாடம். மலாயாவின் ரப்பர் தோட்டங்களில், மேட்டு நிலத்துப் பால்மரங்கள் குன்றைச் சுற்றி ஒரே மட்டத்தில் வெட்டிய படுகைகளில் நடப்பட்டன. விடியுமுன் விளக்கோடு நிரைக்குச் சென்ற நம் பாட்டன் பாட்டிமார் அந்தப் படுகை வழியாகவே மரத்துக்கு மரம் நடந்தார்கள். வாளி நிறையப் பாலைச் சுமந்துகொண்டு நேர்செங்குத்தாக இறங்குவது எவ்வளவு கடினம் என்பதை அவர்கள் அறிவார்கள். மேலும் அந்தப் படுகைகள் மழைநீரின் வேகத்தைக் குறைத்து மண் அரிப்பையும் தடுத்தன. ஒரே மட்டத்தைப் பின்பற்றிச் செல்லும் வழி காலுக்கும் நல்லது, மண்ணுக்கும் நல்லது.

தோட்டப் பாதையிலும் இதே விதிதான். மேட்டின் உச்சிக்குச் செல்ல வேண்டுமானால் குறுக்கே ஏறாமல் சரிவைச் சுற்றி மெல்ல ஏற வேண்டும். சக்கர நாற்காலியில் வருவோரும் செல்லக்கூடிய சாய்வுப் பாதைக்குப் பொதுவாக ஏற்கப்பட்ட அளவு, 12 அடி நீளத்திற்கு 1 அடி உயர்வு என்பதாகும். இதைவிடச் செங்குத்தாக இருந்தால் தள்ளுபவருக்கும் சிரமம், அமர்ந்திருப்பவருக்கும் அச்சம். அத்துடன் ஏறத்தாழ 30 அடிக்கு ஒருமுறை, நின்று மூச்சு வாங்குவதற்குச் சமமான ஓர் இடம் வேண்டும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். வாகனம் நிறுத்தும் இடத்தைவிட மண்டபத் தரை 3 அடி உயரத்தில் உள்ளது என்று கொள்வோம். அதற்கு 36 அடி நீளச் சாய்வு தேவை. இடையில் 5 அடிச் சமதளம் ஒன்றைச் சேர்த்தால் 41 அடி ஆகிறது. கட்டடம் முடிந்தபின் இதை நினைத்தால் 41 அடிக்கு இடம் எங்கே இருக்கும்? சுவரை ஒட்டிச் செங்குத்தான ஒரு சிமெண்டுப் பலகையைப் போட்டு முடித்துவிடுவார்கள். ஆரம்பத்திலேயே திட்டமிட்டால், அதே 41 அடியை ஒரு வேப்பமரத்தைச் சுற்றி வரும் அழகிய பாதையாக்கலாம். அது உடற்குறையுற்றோருக்காகத் தனியே போட்டது என்ற எண்ணமே எழாது. எல்லோரும் அதன் வழியே செல்வார்கள்.

சிங்கப்பூரில் 2008-இல் திறக்கப்பட்ட சதர்ன் ரிட்ஜஸ் நடைபாதைகளில் இதன் சிறந்த எடுத்துக்காட்டைக் காணலாம். தெலுக் பிளாங்கா குன்றின் காட்டினூடே செல்லும் 1.3 கிலோமீட்டர் நீள உயர்நடைபாதை, படிக்கட்டு இல்லாமல் மடிந்து மடிந்து மெல்ல ஏறுகிறது. சக்கர நாற்காலியில் இருப்பவரும் மர உச்சிகளை அருகிலிருந்து காண முடிகிறது. அதன் தளம் இரும்புச் சட்டவலையால் ஆனது என்பதால் வெயிலும் மழையும் கீழேயுள்ள செடிகளுக்குச் சென்று சேர்கின்றன.

படிகளே தேவைப்படும் இடங்களும் உண்டு. பத்துமலையின் 272 படிகளிலும், பினாங்கு தண்ணீர்மலையில் 2012-இல் குடமுழுக்குக் கண்ட பாலதண்டாயுதபாணி ஆலயத்தின் 513 படிகளிலும் ஏறுவதே ஒரு நேர்த்திக்கடன். அன்றாடம் நடமாடும் தோட்டத்தில் படிகள் எளிதாக இருக்க வேண்டும். 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் பிரான்சுவா புளோண்டெல், மனிதனின் நடை எட்டை அளவாகக் கொண்டு ஒரு கணக்கைச் சொன்னார். இரண்டு படிகளின் உயரத்தையும் ஒரு படியின் அகலத்தையும் கூட்டினால் ஒரு நடை எட்டின் நீளம் வர வேண்டும். இக்காலத்தில் அதனை ஏறத்தாழ 25 அங்குலமாகக் கொள்கிறார்கள். 5 அங்குல உயரம், 15 அங்குல அகலம் என்றால் கணக்குச் சரியாக வரும்; வெளிப்புறப் படிகளுக்கு இது ஏற்ற அளவு. ஒரு வரிசையில் எல்லாப் படிகளும் ஒரே உயரமாக இருப்பது மிக முக்கியம். ஒரு படி மட்டும் அரை அங்குலம் கூடினாலும் கால் இடறும். புல்தரைக்கு நடுவே ஒற்றைப் படி ஒன்றைத் தனியாக வைப்பதும் ஆபத்து. அது கண்ணில் படுவதில்லை.

நீர் ஓடும் திசை

நம் வட்டாரத்தில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. குளிர்நாட்டுப் புத்தகங்களில் காணும் பாதைகள் இங்கே பல வேளைகளில் தோற்றுப்போவதற்கு இதுவே காரணம். 100 அடி நீளமும் 5 அடி அகலமும் கொண்ட ஒரு சிமெண்டுப் பாதையை எடுத்துக் கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால், அந்தப் பாதையின் மீது மட்டும் சுமார் 2,300 லிட்டர் நீர் விழுகிறது. அந்நீர் எங்கே போகும் என்பதை நாம் முடிவு செய்யாவிட்டால், அதுவே முடிவு செய்து கொள்ளும். பூச்செடிகளின் வேரடி மண்ணை அரித்துக்கொண்டோ, மண்டப வாசலை நோக்கியோ அது ஓடும்.

இதற்கு மூன்று வழிகள் உண்டு. முதலாவது, பாதையின் குறுக்கே சிறு சாய்வு வைப்பது. 50 அங்குலத்திற்கு 1 அங்குலம் என்பது போதுமானது. 5 அடி அகலப் பாதையில் ஒரு பக்கம் மற்றப் பக்கத்தைவிட ஓர் அங்குலத்திற்குச் சற்றுக் கூடுதலாகத் தாழ்ந்திருக்கும். நடப்பவருக்கு அது தெரியாது, நீருக்குத் தெரியும். இரண்டாவது, சரிவான நிலத்தில் பாதையின் மேட்டுப் பக்கத்தில் வடிகால் வெட்டி, மேலிருந்து வரும் நீரைப் பாதையில் ஏறவிடாமல் திருப்புவது. மூன்றாவது, நீர் மண்ணுக்குள் இறங்கும்படி இடைவெளிவிட்டுக் கற்களைப் பதித்து, நடுவே புல்லோ சிறு சரளையோ இடுவது. வண்டிகள் செல்லாத நடைபாதைக்கு இது மிகவும் ஏற்றது. ஆனால் இடைவெளி குறுகலாகவும் கற்களின் மட்டத்திற்கு நிரப்பப்பட்டும் இருக்க வேண்டும். இல்லாவிடில் கைத்தடியும் சக்கரமும் அதில் சிக்கும்.

பாதையில் சிறு குழிகள் விழுந்து நீர் தேங்கினால் பாசி பிடிக்கும். தோட்டத்துப் பூந்தொட்டியிலும் வடிகாலிலும் நீர் நின்றால் டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெருகும். எனவே வடிகால் என்பது பாதையின் ஒரு பகுதி என்றே கொள்ள வேண்டும். மதிப்பீட்டில் அதைத் தனிச்செலவாகக் காட்டிப் பின்னர் வெட்டிவிடுவது சிக்கனம் ஆகாது.

மரமும் வேரும்

நிலத்தில் ஏற்கெனவே நிற்கும் பெரிய மரம், எந்தக் கொடையாலும் உடனே வாங்க முடியாத செல்வம். அதன் நிழல் விழும் பக்கமாகப் பாதையைக் கொண்டு செல்வது நல்லது. ஆயினும் அடிமரத்தை நெருங்கக் கூடாது. மரத்திற்கு உணவு சேர்க்கும் மெல்லிய வேர்களில் பெரும்பகுதி, மண்ணின் மேல் இரண்டு அடிக்குள்ளேயே பரவியுள்ளது. பாதைக்காக அங்கே பள்ளம் தோண்டினால் வேர் அறுபடும். தோண்டாமல் சிமெண்டைப் பரப்பினாலோ காற்றும் நீரும் உள்ளே செல்வது தடைப்படும். மக்கள் தொடர்ந்து மிதிப்பதாலும் மண் இறுகி வேர் நலியும். சிங்கப்பூரின் 5 வெள்ளித் தாளில் இடம்பெற்ற பூமலைத் தெம்புசு மரத்தைச் சுற்றி வேலி இடப்பட்டிருப்பது இந்தக் காரணத்தினால்தான்.

வேர்ப்பகுதியைக் கடந்தே ஆக வேண்டுமானால், சிறு தூண்களின் மேல் பலகைப் பாதை அமைக்கலாம். அல்லது மண்ணைத் தோண்டாமல் சரளையும் மணலும் பரப்பி, அதன்மேல் தனித்தனிக் கற்களைப் பதிக்கலாம். வேர் பருத்துக் கல்லைத் தூக்கினால், அந்தக் கல்லை மட்டும் எடுத்துச் சரிசெய்து மீண்டும் வைக்க முடியும். அரசமரத்தின் அருகே முழுச் சிமெண்டுத் தளம் போட்டவர்கள், சில ஆண்டுகளில் அது பிளந்து நிற்பதைக் கண்டிருப்பார்கள்.

மேலே பார்ப்பதும் அவசியம். நாகலிங்க மரம் சிவாலயங்களுக்கு உகந்தது, அதன் மலர் கண்கொள்ளாக் காட்சி. ஆனால் பீரங்கிக் குண்டு போன்ற அதன் கனத்த காய் தலையில் விழுந்தால் பெரும் விபத்தாகும். அதைப் பாதையிலிருந்து தள்ளி நட வேண்டும். தென்னைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். வில்வத்தின் கிளைகளில் முள் உண்டு. உதிர்ந்த குச்சி வெறுங்காலில் தைக்கும். அரளி நச்சுச்செடியாதலால் குழந்தைகளின் கைக்கு எட்டும் பாதையோரத்தில் வேண்டாம். பவழமல்லியோ பாதையோரத்திற்கென்றே படைக்கப்பட்டது போன்றது. விடியற்காலையில் வருவோரை உதிர்ந்த மலர்களாலும் மணத்தாலும் வரவேற்கும்.

நடப்பவரின் கால்

இருவர் பேசிக்கொண்டே இணையாக நடக்க 5 அடி அகலம் வேண்டும். இரண்டு சக்கர நாற்காலிகள் ஒன்றையொன்று கடந்து செல்ல 6 அடி வேண்டும். பால்குடமும் காவடியும் வரும் வழி என்றால் அதற்கும் மேல் தாராளமாக விட வேண்டும். நந்தவனத்தில் பூப்பறிக்கும் சிறு வழிக்கு 3 அடி போதும். நந்தவனப் பாத்திகள் 4 அடிக்கு மேல் அகலமாக இல்லாமல் பார்த்துக்கொண்டால், இரு பக்கமும் பாதையில் நின்றபடியே கை எட்டும். பாத்தியை மிதிக்காமல் இறைவனுக்குரிய மலர்களைக் கொய்யலாம்.

தரைக்கு எதைப் பயன்படுத்துவது என்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். கடையில் பளபளப்பாகத் தெரியும் ஓடுகளும் மெருகூட்டிய பளிங்கும் மழை பட்டவுடன் வழுக்கும். செங்கல் பார்வைக்கு அழகு. நிழலான ஈர இடத்தில் விரைவில் பாசி பிடிக்கும். தளர்ந்த சரளைக்கல் நீரை வடியவிடும். ஆனால் சக்கர நாற்காலி அதில் புதையும், வெறுங்காலுக்கும் உறுத்தும். சொரசொரப்பாக வெட்டிய கருங்கல் பல்லாண்டு நிற்கும், விலை அதிகம். சிமெண்டுத் தளம் ஈரமாக இருக்கும்போதே துடைப்பத்தால் குறுக்கே கோடிழுத்துச் சொரசொரப்பாக்கினால், குறைந்த செலவில் நல்ல பிடிப்பு கிடைக்கும். கீழே நன்றாக இறுக்கிய கல் அடுக்கும், 4 அங்குலக் கனமும், 5 அல்லது 6 அடிக்கு ஒரு வெட்டும் இருந்தால் கண்டபடி விரிசல் விடாது.

ஆலயங்களுக்கென்று இன்னொரு கவனம் உண்டு. பக்தர்கள் காலணியைக் கழற்றிவிட்டு நடக்கிறார்கள். நண்பகல் வெயிலில் கருநிறக் கல் கொதிக்கும். தூய வெண்ணிறமோ கண்ணைக் கூசச் செய்யும். இளஞ்சாம்பல் அல்லது மணல் நிறமே நடுத்தரமானது. காலணி கழற்றும் இடம் முதல் சன்னதி வரை உள்ள வெளிப்பாதைக்கு நிழல் இருக்க வேண்டும். மரம் வளரும் வரை பந்தலோ தேங்காய் நார்ப் பாயோ உதவும். இரவுப் பூசைக்கு வருவோருக்கு, கண்ணில் அடிக்காமல் தரையில் மட்டும் ஒளி விழும்படி தாழ்வான விளக்குகள் வேண்டும்.

வேலையைத் தொடங்கும் முறை

நிர்வாகக் குழுவினர் குத்தகையாளரை அழைப்பதற்கு முன் தாமே செய்ய வேண்டிய சில காரியங்கள் உள்ளன.

முதலில், மக்கள் இப்பொழுது எவ்வழியே நடக்கிறார்கள் என்று பாருங்கள். புல் தேய்ந்து தெரியும் ஒற்றையடிப் பாதை, பலருடைய கால்கள் ஒருமித்துச் சொன்ன தீர்ப்பு. அதன் குறுக்கே சங்கிலி கட்டுவதைவிட, முடிந்தால் அதையே நல்ல பாதையாக ஆக்குவது அறிவுடைமை.

அடுத்து, கனமழை பெய்யும்போது குடையுடன் சென்று நீர் எங்கே ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று குறித்துக் கொள்ளுங்கள். பின்னர் நண்பகலில் சென்று நிழல் விழும் இடங்களைக் குறியுங்கள். இவ்விரண்டும் இல்லாத வரைபடம் அரைகுறையானது.

பிறகு சுண்ணாம்புத் தூளாலோ கயிற்றாலோ தரையில் பாதையின் இரு ஓரங்களையும் குறித்துச் சில வாரங்கள் விட்டுவிடுங்கள். வயதானவர் ஒருவரையும், சக்கர நாற்காலியில் வருபவர் ஒருவரையும், பள்ளிச் சிறுவன் ஒருவனையும் அவ்வழியே சென்றுவரச் சொல்லுங்கள். எங்கே தயங்குகிறார்கள், எங்கே குறுக்கே பாய்கிறார்கள் என்று கவனியுங்கள். தூளை அழித்து மாற்றுவதற்குச் செலவில்லை. சிமெண்டை உடைத்து மாற்றுவதற்கு மீண்டும் அன்பர்களின் பணம்தான் செலவாகும்.

கடைசியாக, பராமரிப்பை மறக்க வேண்டாம். பாசியைத் தேய்த்துக் கழுவவும், சருகை அகற்றவும், வடிகாலைத் தூர்வாரவும், பெயர்ந்த கல்லைச் சீர்செய்யவும் ஆண்டுதோறும் ஒரு தொகையும் ஓர் ஆளும் தேவை. பாதை போடும் செலவைக் கணக்கிடும்போதே இதற்கும் ஒரு பங்கை ஒதுக்கி வைத்தல் வேண்டும்.

கோபுரத்திற்கும் மண்டபத்திற்கும் கொடையளிப்போரின் பெயர் கல்வெட்டில் நிலைக்கிறது. பாதைக்கு அளித்தவரின் பெயரை யாரும் நின்று படிப்பதில்லை. எனினும் நடக்க முடியாமல் வீட்டிலேயே இருந்துவிட்ட ஒரு தாய், மகனின் கையைப் பிடித்துக்கொண்டு இடறாமல் சன்னதி வரை வந்து தரிசனம் செய்து திரும்புகிறார் என்றால், அந்த நன்மையில் பாதைக்கு அளித்தவருக்கும் பங்குண்டு. அடுத்த முறை திருப்பணிப் பட்டியல் தங்கள் கைக்கு வரும்போது, அதில் பாதை என்ற ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையெனில் கேளுங்கள்.